அகல வாய்ப் பீப்பா

என் முதல் பீப்பாவை நான் அழகைப் பார்த்து வாங்கினேன். பிளாஸ்டிக்தான், ஆனால் மரம் போலக் கோடு போட்டிருந்தார்கள். எண்பதுகளின் நடுப்பகுதி. கிழக்கு லண்டனில், பிளேஸ்டோவில் நாங்கள் வீடு எடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பக்கத்து ஊரான பார்க்கிங்கில் ஒரு கடையில் வீட்டிலேயே பியர் காய்ச்சும் சாமான்கள் விற்றார்கள். அங்கேதான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பீப்பாவில் நாற்பது பைண்ட், கிட்டத்தட்ட இருபத்துமூன்று லீற்றர், பிடிக்கும். முதலில் ஒரு வாளியில் நுரைத்து அடங்கிய பியரை அதற்குள் ஊற்றி, கொஞ்சம் சீனி போட்டு, மூடியை இறுக்கி வைத்தால், உள்ளே காற்று தானாக உண்டாகும். அந்தக் காற்றுதான் அடியில் இருக்கும் குழாய் வழியாகப் பியரைத் தள்ளும். மூடியில் ஒரு ரப்பர் வாஷர் இருக்கிறது. காற்று அதைத் தாண்டிப் போய்விட்டால் மிஞ்சுவது நாற்பது பைண்ட் மண்ணிறத் தண்ணீர்.

என் அழகான பீப்பாவின் வாய் ஒடுக்கம். கை உள்ளே போகாது. பிரஷ்ஷை வளைத்து விட்டேன், வெந்நீரை ஊற்றிக் குலுக்கினேன். வெந்நீரில் பீப்பாவின் அடி நெளிந்து, நிறுத்தினால் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. கழுத்துக்குக் கீழே ஒட்டிய கசடு மட்டும் அசையவில்லை. இரண்டாம் முறை காய்ச்சியது புளித்துப் போயிற்று. புளித்தது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அதை அண்ணைக்கு ஊற்றிக் கொடுத்தேன்.

அண்ணைதான் என்னை லண்டனுக்கு எடுப்பித்தவர். விம்பிள்டனில் அவர் வீட்டுச் சின்ன அறையில் இரண்டு வருடம் இருந்து தின்று வளர்ந்தவன் நான். அவர் ஒரு மிடறு குடித்துவிட்டு, நாலு பேர் முன்னிலையில் கிளாஸை மேசையில் வைத்தார்.

"கழுவின தண்ணியை எனக்கேன் தந்தனீ?"

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. ஓசியில் குடிக்கிறவைக்கு இது போதும் என்று சொல்லிவிட்டேன். யார் வீட்டுச் சோற்றை ஓசியில் தின்றது யார் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அண்ணை எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் எங்களுக்குள் பேச்சு இல்லை. என் மனைவியும் அண்ணியும் மட்டும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் கதைத்தார்கள்.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான் அதற்குப் பதிலாகப் புதுப் பீப்பா வாங்கினேன்.

இந்த முறை நிறம், கோடு எதையும் பார்க்கவில்லை. கடையிலேயே சட்டைக் கையை மடித்து, வாய்க்குள் முழங்கை வரை விட்டு, அடியைத் தடவிப் பார்த்தேன். கடைக்கார வெள்ளைக்காரர் நான் மாட்டுக்குப் பிரசவம் பார்ப்பதைப் போல ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அகல வாய். அதையே எடுத்தேன். வெறும் தண்ணீர், மெல்லிய துணி, கிருமிநாசினித் தூள், பிறகு வாடை போகும் வரை அலசல். கீறல் விழுந்தால் கசடு ஒட்டும் என்று கம்பி நாரை அதன் பக்கத்திலேயே விடவில்லை. நல்ல மூடியாக இருக்கிறதே என்று மனைவி ஒருமுறை அதற்குள் மிளகாய்த்தூளைக் கொட்டி வைத்துவிட்டாள். அடுத்து வந்த நாற்பது பைண்ட்டையும் கண்ணீர் விட்டுக்கொண்டு நான் தனியாகவே குடித்து முடித்தேன்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் என் புத்தியைப் பாவித்தேன். வாஷருக்கு வாஸலின் களிம்பு பூசச் சொல்லிப் பீப்பாவோடு வந்த தாளில் எழுதியிருந்தது. வெள்ளைக்காரனுக்கு என்ன தெரியும்? எங்கள் வீட்டில் கிறீச்சிடும் கதவுக்கும் நல்லெண்ணெய், காதுக் குத்தலுக்கும் நல்லெண்ணெய், சைக்கிள் செயினுக்கும் நல்லெண்ணெய். அப்படி வளர்ந்தவன் ஒரு ரப்பர் வளையத்துக்கு வேறு எதைத் தேடுவான்? தாராளமாகவே பூசினேன்.

அந்தக் கோடையில் அண்ணையின் மகள் பெரியபிள்ளையானாள், சாமத்தியச் சடங்கு வந்தது. அழைப்பிதழின் உறையில் அண்ணியின் கையெழுத்து. விம்பிள்டனில் ஒரு மண்டபம். எங்கள் ஆட்களின் கொண்டாட்டங்களில் மேடையும் கமராவும் பெண்களும் உள்ளே இருக்கும். ஆண்கள் கார் நிறுத்துமிடத்தில், திறந்த கார் டிக்கிகளைச் சுற்றிக் கடதாசிக் கப்போடு நிற்பார்கள். அண்ணையும் எப்படியும் ஒருமுறை அங்கே வருவார். வந்தால் என் பியரில் ஒரு கப் குடிக்க வேண்டும், நல்லது என்று சொல்ல வேண்டும். முகத்தைத் திருப்பினால் இனி அவர் வாசல் மிதிப்பதில்லை என்று மனைவியிடம் சொன்னேன்.

"பிள்ளையின்ரை சடங்குக்குப் போறமோ, பீப்பாவைக் காட்டப் போறமோ?" என்றாள் அவள்.

ஒருமுறை வைத்த பீப்பாவை அசைக்கக் கூடாது. அடியில் படிந்த கசடு கலங்கிவிடும். இது ஊருக்கெல்லாம் நான் சொல்லும் புத்தி. அப்படிப்பட்டவன் அதைப் பின் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார வைத்து லண்டனின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஓட்டினேன். முன் சீட்டில் பலகாரத் தட்டை மடியில் வைத்திருந்த மனைவிக்கு அன்று பெல்ட் போடவும் மறந்துபோயிற்று. ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்னால் சளக் என்றது.

மண்டபத்துக் கார் நிறுத்துமிடத்தில் பீப்பாவை டிக்கி விளிம்புக்கு மாற்றினேன். இருபது பேர் கூடிவிட்டார்கள். வெடிக்குமோ என்று சிலர் பின்வாங்கினார்கள். நான் விளக்கேற்றுகிறவன் மாதிரிக் குழாயைத் திருப்பினேன். கலங்கிய சேற்று நிறத்தில், நுரை என்ற பேச்சே இல்லாமல், ஒரு கப் மெதுவாக நிறைந்தது. பிறகு குழாய் இரண்டு தரம் விக்கி நின்றுவிட்டது. உள்ளே காற்றே இல்லை. எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் என் தோளில் தட்டிவிட்டு விஸ்கி இருந்த காருக்குப் போனார். எனக்குக் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போய்விடலாம் போல இருந்தது.

அப்போது பட்டு வேட்டியோடு அண்ணை வெளியே வந்தார். சிரித்தவர்கள் வழி விட்டார்கள். என்னைப் பார்க்கவில்லை, பீப்பாவைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூடியைத் திருகிக் கழற்றினார். புஸ் என்ற ஒரு சத்தம் கூட வரவில்லை. வாஷரை விரலால் நோண்டி எடுத்தார். அது ஊதி, பிசுபிசுத்து, ஊறின அப்பளம் மாதிரித் தொங்கியது. மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்தார்.

"நல்லெண்ணெயோ பூசினனீ?"

"ஓம் அண்ணை."

சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "என்ரையும் உப்பிடித்தான் போனது. ரெண்டு தரம்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. கராஜுக்குள் ஒரு பீப்பா வைத்திருக்கிறாராம். நான் கோபித்துக்கொண்ட மாதத்திலேயே வாங்கினாராம். தம்பியை விட நல்லதாகக் காய்ச்சிக் காட்டுவதற்காக.

"வாய் அகலமோ அண்ணை?"

"ஒடுக்கம். கழுவேலாமல் கிடக்கு."

ஒன்றரை வருடமாக இரண்டு வீட்டில், ஒரே எண்ணெயைப் பூசிக்கொண்டு, இரண்டு மடையர்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. மறைப்பதற்குக் குனிந்து குழாயைத் துடைத்தேன்.

அண்ணை அந்தச் சேற்றுக் கப்பை எடுத்து, கசடு உட்பட, கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

"கழுவின தண்ணிதான்," என்றார். பிறகு கப்பை மறுபடியும் நீட்டினார்.