குடிபூராத வீட்டுக்கு நட்டஈடு

சுன்னாகம் சந்தையில் வெங்காயத் தரகு பார்த்த ஏரம்பு, தன் ஆயுசில் சேர்த்ததையெல்லாம் உடுவிலில் ஒரு வீடாகக் கட்டி நிறுத்தியிருந்தார். மகள் அருமைநாயகிக்குச் சீதன வீடு. சிவப்புச் சீமெந்து நிலம், வேப்பமரக் கதவு, வண்ணக் கண்ணாடி போட்ட யன்னல் என்று எல்லாம் இருந்தன. ஆட்கள்தான் இல்லை. மாப்பிள்ளை வந்து, பால் காய்ச்சிக் குடிபூரும்வரை அங்கே எவரும் இருக்கவோ படுக்கவோ கூடாது என்பது ஏரம்புவின் சட்டம். மனைவி கண்ணை மூடிய பிறகு தகப்பனும் மகளும் பின்வளவு ஓலைக் கொட்டிலில், மாரியில் ஒழுக்குக்குச் சட்டி வைத்துக்கொண்டு சீவித்தார்கள். பெரிய வீட்டைக் கூட்டித் துடைத்துப் பூட்ட அருமைநாயகிக்கு மட்டும் அனுமதி உண்டு. வருகிறவர்களுக்கு ஏரம்பு யன்னலைத் திறந்து வெளியிலிருந்தே காட்டுவார்.

"எட்டிப் பாருங்கோ. சுவரிலை கை வையாதேங்கோ!"

மாப்பிள்ளை வீட்டாரும் வந்தார்கள். ஒரு கூட்டம் கிணற்றுக்குத் தண்ணீர் இறைக்கும் மெசின் கேட்டது, வைத்தார். அடுத்தது இன்னோர் அறை கேட்டது, கட்டினார். சுவர் காய்வதற்குள் அந்த மாப்பிள்ளைக்கு வேறிடத்தில் தாலி கட்டி முடிந்துவிட்டது. மூன்றாவதாக வந்தவர்கள், "வீடு பிள்ளையின்ரை பேரிலையோ?" என்று இழுத்தார்கள். ஏரம்புவுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. கலியாணத்தோடு எழுத வேண்டிய வீட்டு உறுதிப் பத்திரத்தை, மறுநாளே நொத்தாரிசிடம் போய் மகள் பேருக்கு எழுதிவிட்டார். அவர்களும் திரும்பி வரவில்லை. அருமைநாயகிக்கு முப்பது தாண்டியது.

எழுபதுகளில் ஒரு மாரியில் வாந்திபேதி பரவியது. ஆஸ்பத்திரியில் கட்டில் போதாமல் விறாந்தையிலும் சனத்தைக் கிடத்தினார்கள். சுகாதாரப் பரிசோதகர் கனகரத்தினம் சைக்கிளில் வந்து வாசல் படலையடியில் இறங்கினார்.

"ஏரம்பண்ணை, வருத்தக்காரரை வைக்க உங்கடை வீடு வேணும்."

"தம்பி, இது குடிபூராத வீடு!"

"அதாலைதான் கேக்கிறன். சனம் இருக்கிற வீடெண்டால், இருக்கிறவையை எங்கை அனுப்புறது?"

"பால் காய்ச்சாத வீட்டிலை பேதிக்காரரைப் படுக்க விடுறதோ? உமக்கு விசரே?"

கனகரத்தினம் பொறுமையாக விளங்கப்படுத்தினார். இப்படியான ஆபத்துக்கு வீட்டை எடுக்க அரசாங்கத்துக்கு அதிகாரம் உண்டாம். வாடகை வருமாம்; உடைந்தது, பழுதானதற்கு நட்டஈடும் வருமாம். சொந்தக்காரர் மனமொத்துக் கதவுத் திறப்பைத் தந்தால் எல்லாருக்கும் நல்லதாம்.

"நான் தரமாட்டன்."

"உறுதி ஆற்றை பேரிலை அண்ணை?"

ஏரம்பு கொட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தார். அருமைநாயகி கொட்டிலிலிருந்து வந்து, சேலைத் தலைப்பில் முடிந்திருந்த திறப்பை அவிழ்த்து நீட்டினாள்.

"இந்தாங்கோ. கிணத்துத் தண்ணியைக் கொதிக்க வைச்சுக் குடுங்கோ."

சில நாள் ஏரம்பு மகள் போட்ட சோற்றைப் பாதியில் விட்டு எழும்பினார். சந்தைக்கும் போகவில்லை. வேலியோரம் நின்று சேதம் பார்ப்பதே தொழிலாகிவிட்டது. கட்டில் இழுபட்டால் "ஐயோ, நிலம்!" என்பார். காற்றுக்குக் கதவு அடித்தால் "ஐயோ, கதவு!" என்பார். உள்ளே கிடந்தவர்கள்கூட அவ்வளவு முனகவில்லை.

ஒருநாள் சுகமாகி வீட்டுக்குப் போன ஒரு மனுசன் வேலியடியில் நின்று கும்பிட்டான்.

"நல்ல வீடு ஐயா. நல்ல காத்து. உங்களுக்குப் புண்ணியம்."

இத்தனை வருசத்தில் அந்த வீட்டில் ஒரு குறையும் பிடிக்காமல் போன முதல் ஆள் அவன்தான். அன்று அவர் மகளிடம் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வருத்தம் அடங்கியது. மருந்து தெளித்து, வெள்ளையடித்து வீட்டைத் திருப்பித் தந்தார்கள். சேதத்தைப் பார்த்துக் கணக்கெழுத அரசாங்கக் கச்சேரியிலிருந்து ஓர் இலிகிதரும் கனகரத்தினத்தோடு வந்தார். கண்ணாடி வெடித்திருந்தது, ஒப்புக்கொண்டார். நிலம் கீறுபட்டிருந்தது, அதையும் ஒப்புக்கொண்டார்.

"வேறை என்ன நட்டம், ஐயா?"

ஏரம்பு தெருப்பக்கம் கையைக் காட்டினார்.

"பேதி ஆஸ்பத்திரி எண்டு ஊரெல்லாம் பேராப் போச்சு. இனி இந்த வீட்டுக்கு ஆர் வருவினம்? என்ரை பிள்ளையை ஆர் கேப்பினம்? அதுக்கு எவ்வளவு போடுவியள்?"

இலிகிதர் கனகரத்தினத்தைப் பார்த்தார். கனகரத்தினம் கிணற்றைப் பார்த்தார்.

"அதுக்குச் சட்டத்திலை இடமில்லை, ஐயா," என்றார் இலிகிதர் மெல்ல.

அவர்கள் போன பிறகும் ஏரம்பு படலையைப் பிடித்தபடி நின்றார். மகளுடைய வாழ்க்கையை நானே பூட்டி வைத்துக் கெடுத்துவிட்டேனோ என்று முதல் தடவையாக நெஞ்சு சுட்டது. திரும்பிப் பார்த்தால் பெரிய வீட்டுக் குசினியிலிருந்து புகை. "ஐயோ, நெருப்பு!" என்று கத்திக்கொண்டு ஓடினார்.

நெருப்புத்தான், அடுப்பில். பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. கொட்டிலில் இருந்த பாய்களும் தலையணைகளும் முன்னறைக்கு வந்திருந்தன.

"என்ன பிள்ளை இது? நாள் பாக்கேல்லை, ஆருக்கும் சொல்லேல்லை..."

அருமைநாயகி பாலை இறக்கி வைத்தாள்.

"இந்த வீட்டுக்கு ஆர் வருவினம் எண்டு கேட்டியளெல்லே, ஐயா? நான் வந்திட்டன். நீங்களும் காலைக் கழுவிப்போட்டு வாங்கோ."