எனக்கு ரெண்டு அரியர்

பதினாலு வருஷம் ஹாக்கி ஆடி ஒரு கோல்கூட அடிக்காதவள் நான். இதைச் சொன்னால் கேட்பவர்கள் ‘ஐயோ பாவம்’ என்று ஒரு பார்வை பார்ப்பார்கள். பாவம் நானில்லை, மட்டையைப் பிடித்துக்கொண்டு என்னை நோக்கி ஓடி வந்த சென்டர் ஃபார்வர்டுகள்தான். நான் பேக். கோல்கீப்பருக்கு முன்னால் நிற்கும் இரண்டு பேரில் ஒருத்தி. சென்னையில் ஓர் அரசு அலுவலக அணிக்காக எண்பதுகளின் கடைசி வரை ஆடினேன். அதில் நான்கு வருஷம் கேப்டன். ஆட்டத்தால் கிடைத்த அந்த அரசு வேலை ஒரே ஒரு சொல்லால் என் கையைவிட்டுப் போகப் பார்த்தது.

எங்கள் வீடு புதுச்சேரி முத்தியால்பேட்டையில். அப்பா மில்லில் தறி ஓட்டினார். பள்ளியில் முதன்முதலாக மட்டையைக் கொடுத்தபோது எல்லாப் பெண்களும் முன்வரிசைக்குத்தான் அடித்துக்கொண்டார்கள். எனக்கு ஓட்டம் சுமார், பிடிவாதம் அதிகம். தெருக்குழாயில் நான் வரிசையில் நின்றால் என்னைத் தாண்டி ஒரு குடம் முன்னால் நுழையாது. அதற்காக நான் வாங்காத பேச்சில்லை. அதே குணத்தை மைதானத்தில் காட்டியபோது கைதட்டினார்கள். அன்றே முடிவு செய்துவிட்டேன், நமக்கு இதுதான் இடம் என்று.

எங்கள் ஊரில் அந்த இடத்துக்கு அரியேர் என்று பெயர். கோல்கீப்பர் கர்தியென், முன்னால் ஆடுகிறவர் அவான். பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தும் அவர்களுடைய கால்பந்துச் சொற்கள் மைதானத்திலேயே தங்கிவிட்டன. அங்கிருந்து ஹாக்கிக்கும் வந்துவிட்டன. எனக்குப் பிரெஞ்சு ஒரு எழுத்து தெரியாது. அரியேர் என்பது நல்ல இங்கிலீஷ் என்றே பல வருஷம் நம்பியிருந்தேன்.

பள்ளி அணியிலிருந்து ஊர் அணிக்கு வந்தேன். கடலூர், விழுப்புரம், நெய்வேலி என்று பஸ்ஸில் போய் ஆடினோம். முழங்காலுக்குக் கீழே கட்டும் காப்பு வாங்க வசதி இல்லாததால், அப்பா மில்லிலிருந்து கொண்டு வந்த கழிவுப் பஞ்சைத் துணியில் திணித்து அம்மாவே தைத்துக் கொடுத்தாள். நெய்வேலியில் ஒருமுறை பந்து வாயில் பட்டு முன்பல் பாதி போனது. கல்யாணத்துக்கு போட்டோ எடுக்கும்போது வாயை மூடிக்கொள் என்று அம்மா சொன்னாள். அதோடு சரி, ஆடப் போகாதே என்று சொல்லவில்லை.

சொல்லும் நாளும் வந்தது. மில் வாரத்தில் பாதி நாள் ஓடவில்லை. நான் பி.யு.சி.யை முதல் தடவையிலேயே தேறி, இரண்டு வருஷமாக வீட்டில் இருந்தேன். ஹாக்கி ஆடுகிறவர்களுக்கு வேலை கொடுத்த இரண்டு இடங்களில் ஃபார்வர்டுகளை எடுத்துக்கொண்டு, பேக்கா, பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாவதாகச் சென்னை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வீட்டு நிலைமையில் எனக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்:

“இந்தத் தபா வேலை வரலன்னா மட்டைய அடுப்புல வெச்சிடுவேன். வெளையாட்டுக்குச் சொல்லலடி.”

அம்மா விளையாட்டுக்குச் சொல்லும் ஆளில்லை என்பது எனக்குத் தெரியும். அதற்கப்புறம் எனக்குக் கல்யாணம் பேசி முடித்துவிடுவார்கள் என்பதும் தெரியும்.

அப்பாவும் நானும் விடியற்காலை பஸ்ஸில் சென்னை போனோம். அப்பாவை கேட்டுக்குள் விடவில்லை. உள்ளே ஒரு மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட குமாஸ்தா ஒருவர் குனிந்த தலை நிமிராமல் படிவம் எழுதிக்கொண்டிருந்தார். பெயர், ஊர், வயது கேட்டார். படிப்பு கேட்டார். பி.யு.சி. என்றேன். “வேற?” என்றார். வேறு என்னவாக இருக்கும், எந்த இடத்தில் ஆடுகிறேன் என்று கேட்கிறார் என நினைத்தேன். சென்னை ஆயிற்றே என்று என் இங்கிலீஷை எடுத்து விட்டேன்.

“அரியேர் சார்.”

“அரியரா? எத்தனை?”

“ரெண்டு சார். எப்பவும் ரெண்டுதான்.”

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். “எப்பம்மா கிளியர் பண்ணுவே?”

“வந்ததும் கிளியர் பண்ணிடுவேன் சார். கையில வெச்சிக்கிற பழக்கமே கெடையாது.”

தலையை ஒருமாதிரி ஆட்டிவிட்டுச் சிவப்பு மையில் ஏதோ எழுதினார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கேட்டுக்கு ஓடிப் போய், ஆட்டம் தெரிந்த மனுஷர், எத்தனை பேக், பந்தை எப்போது அடித்து விலக்குவேன் என்று கேட்டதெல்லாம் பேக்கைப் பற்றித்தான் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

மத்தியானம் தேர்வு ஆட்டத்துக்குப் பெயர் வாசித்தார்கள். என் பெயர் இல்லை. கடைசிப் பெயரும் வாசித்து முடித்துப் பெண்கள் மைதானத்துக்குள் இறங்கிய பிறகும் நான் அங்கேயே நின்றேன். குமாஸ்தாவிடம் போய்க் கேட்டேன். இரண்டு பேப்பர் பாக்கி வைத்திருப்பவர்களை எடுக்க விதி இல்லை, பாஸ் பண்ணிவிட்டு அடுத்த வருஷம் வா என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லாப் பாடமும் தேறியவள் நான், எங்கள் தெருவில் பி.யு.சி. தேறிய முதல் பெண். மதிப்பெண் பட்டியலை எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்க்கவே இல்லை. நீயே உன் வாயால் இரண்டு என்று சொன்னாயே, எப்போதும் இரண்டு என்று வேறு சொன்னாய் என்றார்.

அழுகை வந்தது. அதைவிட வேகமாகக் கோபம் வந்தது. அடுத்த வருஷம் என்று எனக்கு ஒன்று இல்லையே. போய் அந்த அறை வாசலில் நடுவாக நின்றுகொண்டேன். டீ குடிக்க எழுந்து வந்த குமாஸ்தா வலப்பக்கம் ஒதுங்கினார், நானும் ஒதுங்கினேன். இடப்பக்கம் வந்தார், நானும் வந்தேன். அப்போது புடவையும் கேன்வாஸ் ஷூவுமாக ஓர் அம்மாள் மைதானத்திலிருந்து வந்தார். அணியின் மேனேஜர் அவர்தான். என்ன நடக்கிறது இங்கே என்று கேட்டார். குமாஸ்தா ஒன்று சொன்னார், நான் ஒன்று சொன்னேன். அவர் இருவரையும் நிறுத்தச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, நீ எங்கே நின்று ஆடுகிறவள் என்று கேட்டார்.

“அதத்தான் மேடம் சார்கிட்ட காலையிலேயே சொன்னேன். அரியேர்.”

அவருக்கும் விளங்கவில்லை. கோலுக்கு முன்னால் இரண்டு பேர் நிற்போமே என்று கையால் காட்டினேன்.

“பேக்கா?”

“பேக்னு தமிழ்ல சொல்லுவாங்க மேடம். இங்கிலீஷ்ல அரியேர்.”

அந்த அம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். குமாஸ்தா சிரிக்கவில்லை. மேசைக்குத் திரும்பிப் போய், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, என் மதிப்பெண் பட்டியலை வாங்கி வரி வரியாகப் படித்தார். பிறகு சிவப்பு எழுத்தை நீளமாக ஒரு கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் கையெழுத்து வைத்தார். விதி தெரிந்த மனுஷர், அடித்ததையும் விதிப்படி அடித்தார்.

ஆட்டம் முடியக் கால்மணி நேரம்தான் மிச்சம். மேனேஜர் அம்மாள் ஒரு பெண்ணை வெளியே கூப்பிட்டு என்னை இறக்கினார். எதிரே அலுவலகத்தின் பழைய அணி. அவர்களுடைய சென்டர் ஃபார்வர்டு மாநிலத்துக்கு ஆடியவள், அதற்குள் மூன்று கோல் போட்டிருந்தாள். முதல் தடவை என்னைப் பொருட்படுத்தாமல் நேரே வந்தாள். பந்து அவள் மட்டையைவிட்டு ஒரு சாண் விலகும்வரை காத்திருந்து எடுத்துக்கொண்டேன். இரண்டாம் தடவை வலப்பக்கம் போவதுபோல் போக்குக் காட்டினாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதையும் எடுத்துக்கொண்டேன். மூன்றாம் தடவை அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு பேக்குக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து அடித்தாள். கோல்கீப்பர் மறுபக்கம் விழுந்து கிடந்தாள். பந்தைக் கோட்டருகே மட்டையால் மறித்தேன், ஓடி வந்த வேகத்தில் அவள் மட்டை என் கணுக்காலுக்கு மேலே வந்து மோதியது. உயிர் போகிற வலி. பந்து மட்டும் கோட்டைத் தாண்டவில்லை.

“கிளியர் பண்ணும்மா” என்று வெளியிலிருந்து ஒரு குரல் கேட்டது. அடித்தேன், பந்து அந்தக் கோடிக்குப் போனது. திரும்பிப் பார்த்தால் கையில் டீ கிளாஸுடன் குமாஸ்தா நிற்கிறார்.

சாயங்காலம் வேலைக்கு எடுத்த மூன்று பெயர் வாசித்தார்கள். என்னுடையது இரண்டாவது. சத்தமாகவே ஒருமுறை கத்தினேன், வெட்கப்படவில்லை. நொண்டிக்கொண்டு கேட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் கம்பி இடுக்கு வழியாகக் கடைசிக் கால்மணி நேரத்தையும் பார்த்திருந்தார். ஷிஃப்டு காரணமாக அதற்கு முன் என் ஆட்டம் ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை. என் கையிலிருந்த மட்டையை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார்.

புதுச்சேரி பஸ்ஸில் எனக்குப் பெண்கள் பக்கம் இடம் கிடைத்தது. அப்பா பின்னால் நின்றார். கண்டக்டர் வந்து எத்தனை டிக்கெட், யார் யாருக்கு என்று கேட்டார். அப்பாவுக்குத் தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை.

“பாண்டி ரெண்டு குடுங்க. ஒண்ணு எனக்கு. ஒண்ணு தோ முன்னால உக்காந்திருக்காங்களே, கவர்மெண்டு ஆபீஸ்ல வேலை பாக்கறவங்க, அவங்களுக்கு.”

பஸ் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. பெற்ற மகளை என் அப்பா அன்றைக்குத்தான் முதன்முதலாக ‘அவங்க’ என்று சொன்னார்.