ஐந்து கடை, ஒரே அடுப்பு

ஐந்தரை மணிக்கு அலீடா கைப்பேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து நிறுத்தி, நெற்றியில் ஏறிக் கிடக்கும் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பர்கர் ஆர்டர் போடுகிறார். 'சமையலறைக்குக் குறிப்பு' என்ற கட்டத்தில் நாமெல்லாம் ஒரு வரி எழுதுவோம். இவர் கடிதமே எழுதுவார். "ரொட்டியை இரண்டு பக்கமும் வாட்டவும். ஆறு மணிக்கு வரவேண்டும். ஆறு ஐந்துக்கு அல்ல." பிறகு மாடி நடையில் நின்று தெருவைப் பார்ப்பார். ராட்டர்டாமில் இருபத்தெட்டு வருடம் ட்ராம் ஓட்டியவர். பிந்தி வரும் டெலிவரி ஆளைச் சும்மா விடமாட்டார். "நாங்க ரெண்டு நிமிஷம் லேட்டானா மேல பதில் சொல்லணும். உனக்கென்னப்பா, சைக்கிள்ல காத்து இல்லையா?"

நான் பக்கத்து வீடு. சுவர் மெல்லியது, அவர் தும்மினால் நான் நலம் விசாரிக்கலாம். இந்தக் குளிர்காலத்தில் அவர் கணவர் ஆரிக்குப் பக்கவாதம் வந்த பிறகு அந்தப் பக்கமிருந்து அலீடாவின் குரல் மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. "ஒரு வாய், ஆரி. ஒரே ஒரு வாய்." மசித்த உருளைக்கிழங்கு, பட்டாணி சூப், வெண்ணெயில் பொரித்த மீன், எதற்கும் அவர் வாய் திறக்கவில்லை. விழுங்குவதில் தடையேதும் இல்லை, மனம்தான் வரவில்லை என்றார் டாக்டர். இன்னும் இரண்டு கிலோ குறைந்தால் மருத்துவமனையில் சேர்த்துக் குழாய் வழியாகத்தான் உணவு என்றும் சொல்லிவிட்டார்.

மார்ச்சில் ஒரு நாள், சமைக்கத் தெம்பில்லாமல், 'செங்காளை' என்ற கடையிலிருந்து அலீடா இரண்டு பர்கர் வரவழைத்தார். ஆரி முழுசாகத் தின்றார். அந்தச் சந்தோஷத்தில் அலீடா என் கதவைத் தட்டிக் காலித் தட்டைக் காட்டினார். மறுநாள் அதே கடை, அதே பர்கர். ஒரு கடி கடித்துவிட்டுத் தள்ளிவைத்துவிட்டார் ஆரி. அதற்கடுத்த வாரம் கைப்பேசியில் செங்காளையையே காணோம்.

வேறொருவராக இருந்தால் விட்டிருப்பார். அலீடா எங்கள் பகுதிக்குப் பர்கர் அனுப்பும் ஐந்து கடைகளின் பெயரை எழுதி, ஒரு நாளைக்கு ஒரு கடை வீதம் வரவழைத்தார். ருசி பார்க்க நானும் அழைக்கப்பட்டேன். ஐந்து நாள் பர்கர் தின்று என் இடுப்புப் பட்டை ஒரு துளை முன்னேறியது. ஆரி எதையும் தொடவில்லை. ஒவ்வொரு கடைக்கும் அலீடா காரசாரமாகக் கருத்து எழுதினார். "நாலாம் கடைக்காரனப் பாத்து நீ கத்துக்கணும்" என்று மூன்றாம் கடைக்கு ஒரு திட்டு.

ஐந்தாம் நாள் பைகளைத் தூக்கிப்போடும்போதுதான் அடியில் இருந்த பொடி எழுத்தைப் பார்த்தார். ஐந்து பைகளிலும் ஒரே தெரு, ஒரே எண். எடுத்துவைத்திருந்த செங்காளைப் பையிலும் அதேதான்.

"அடப்பாவி! அஞ்சு பேரு, ஒரே அடுப்பு! ஒரே ஆளுகிட்ட அஞ்சு தடவ சண்ட போட்டிருக்கேன்!" என்றவர், மேலங்கியை மாட்டிக்கொண்டார். "கிளம்பு."

ரயில் பாலத்துக்குப் பின்னால், டயர் கடைக்கு எதிரே, மழையில் நனைந்தபடி ஒரு கன்டெய்னர் நின்றது. பெயர்ப்பலகை இல்லை. மேசை நாற்காலி இல்லை. ஒரு சின்ன ஜன்னல் மட்டும். அதில் எட்டிப் பார்த்தவள் மவீஸ். சூரிநாம் நாட்டுக்காரி, நாற்பது வயதிருக்கும், கையில் கரண்டி.

"இங்க நேர்ல குடுக்கிறதில்லம்மா. போன்லதான் போடணும்."

"நான் உன் முன்னாலதான நிக்கிறேன்?"

"நிக்கிறீங்க. ஆனா சிஸ்டத்துல நீங்க இல்ல."

அலீடா மார்ச் மாதத்துச் செங்காளையைப் பற்றிக் கேட்டார். தேதி, கிழமை, மணி எல்லாம் சொன்னார். மவீஸின் முகம் மாறியது. "புகார் குடுக்க வந்தீங்களா?" என்றாள். இல்லை என்று தெரிந்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கு ஊறவச்ச வெள்ளரிக்கா டின் தீந்துபோச்சும்மா. என் சாப்பாட்டு டப்பாவுல நான் வீட்ல போட்டது இருந்துச்சு, மிளகா வெங்காயம் எல்லாம் சேத்து. அத வச்சு அனுப்பிட்டேன். மூணு பேரு காரம்னு எழுதிட்டாங்க, அந்தக் கடைப் பேரையே தூக்கிட்டாங்க. மேல கேமரா பாருங்க. இன்னொரு தடவ செஞ்சா வேலை போயிடும்."

"என் புருஷன் நாலு மாசத்துல முழுசா சாப்பிட்டது அது ஒண்ணுதான்" என்றார் அலீடா. அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

மவீஸ் கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்றாள். "வெள்ளரிக்கா வேண்டாம்னு போட்டு ஆர்டர் பண்ணுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

எந்த முகவரிக்கு? வீட்டுக்கு அனுப்பினால் கதவு திறக்க ஆரியால் முடியாது. அலீடா தயங்காமல் டயர் கடை முகவரியைப் போட்டு, எதிரே போய் அதன் வாசலில் நின்றார். பன்னிரண்டு நிமிடத்தில் தாடி வைத்த ஒரு பெரியவர் சைக்கிளில் வந்து, ஜன்னலில் பையை வாங்கி, எட்டுத் தப்படியில் தெருவைக் கடந்து, அலீடா முன் நின்றார்.

"போன்ல வந்த ரெண்டு இலக்க எண்ணச் சொல்லுங்கம்மா."

"என்னைப் பாத்துக்கிட்டேதான வந்தீங்க?"

"எண் சொன்னாத்தான் குடுக்க முடியும்."

சொன்னார். வாங்கினார். அதற்குள் மவீஸ் சிகரெட்டுக்கென்று பின்கதவால் வெளியே வந்து, தன் டப்பாவை அலீடாவின் பையில் போட்டுவிட்டாள். "இது விக்கிறது இல்ல. என் சாப்பாடு. காலி டப்பா திரும்பி வரணும்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அலீடா மேலங்கியின் பொத்தான்களை மட்டும் அவிழ்த்துவிட்டு, நின்றபடியே ரொட்டியைத் திறந்து, அந்த வெள்ளரிக்காயைப் பாதி டப்பா அளவுக்கு அடுக்கி மூடி, ஆரியின் இடது கையில் கொடுத்தார். ஆரி முகர்ந்து பார்த்தார். கடித்தார். மென்றார். மீசையில் வழிந்ததைத் துடைக்காமல் கடைசித் துண்டு வரை போனார்.

"ஆறிப்போச்சு அலீ" என்றார், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி எடுத்து. "இன்னொண்ணு. சூடா."

அலீடா நீர் சொட்டும் மேலங்கியின் பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தார்.