பொடி தொட்டவர் போகக்கூடாது

இப்போது அந்த வேலையை நான் செய்கிறேன். புகார் கொடுத்தவர் கொண்டுவரும் ரூபாய் நோட்டில் வெள்ளைப் பொடியைத் தடவி, அதை அவர் சட்டைப் பையில் வைத்து அனுப்பிவிட்டு, குழு வண்டியேறிப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்கிற வேலை. எனக்கு முன்னால் இதைச் செய்தவர் ஏட்டு சகாதேவன். டப்பா மூடியைத் திறக்கும்போதெல்லாம் அவர் ஞாபகம் வந்துவிடுகிறது. சில நாள் சிரிப்பு வரும். சில நாள் டப்பாவை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய்விட்டு வருவேன்.

லஞ்சம் வாங்கும் அரசு ஊழியர்களைப் பிடிப்பது எங்கள் அலுவலகம். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஒரு மாடிக் கட்டடம். பொடி தடவிய நோட்டை வாங்கினவன் விரலைச் சலவை சோடா கரைத்த தண்ணீரில் முக்கினால், தண்ணீர் ரோஜா நிறமாக மாறும். கோர்ட்டில் அதுதான் பெரிய சாட்சி. இதில் ஒரு கறாரான விதி உண்டு. பொடியைத் தொட்டவர் பிடிக்கிற இடத்துக்குப் போகக்கூடாது. அவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு ஒரு துளி ஒட்டினாலும், "இவர்களே தடவிவிட்டார்கள் ஐயா" என்று வக்கீல் வழக்கை ஊதித் தள்ளிவிடுவார்.

சகாதேவன் எங்கள் யூனிட்டுக்கு வந்த புதிதில் யாரோ, "உங்க கை பதறல, நீங்களே தடவுங்க" என்று டப்பாவைக் கொடுத்திருக்கிறார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதை வாங்கிக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை. மகள் கவியா பிறந்து, படித்து, கல்யாணமாகிப் போனாள். இவர் தலை நரைத்தது. எத்தனையோ பேர் பிடிபட்டார்கள். ஒருவர் பிடிபடுவதைக்கூட இவர் கண்ணால் பார்த்ததில்லை.

அவர் பார்த்த ரோஜா நிறமெல்லாம் அவருடைய விரலிலிருந்து வந்ததுதான். கிளம்புவதற்கு முன் அரசு சாட்சிகளுக்கு ஒருமுறை செய்து காட்ட வேண்டும். அதற்கு இவர் விரலைத்தான் முக்குவோம்.

"தேனெடுத்தவன் புறங்கைய நக்காம இருப்பானா ஏட்டையா? உங்களத்தான் முதல்ல உள்ள போடணும்" என்பேன்.

"போடும்மா தமிழ்செல்வி. அப்பயாச்சும் ஒரு கைதப் பக்கத்துல நின்னு பாத்துக்கறேன்" என்பார்.

சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் அந்த ஆசை சிரிப்பு இல்லை என்பது எனக்குத் தெரியும். நாங்கள் திரும்பி வரும்போது கேட்டிலேயே நிற்பார். "கலர் வந்துச்சா?" முதல் கேள்வி அதுதான். வந்தது என்றால் பிடித்துக்கொள்வார். ஆள் என்ன சட்டை போட்டிருந்தான், மூஞ்சி எப்படிப் போச்சு, டம்ளர்ல நிறம் டக்குனு வந்துச்சா மெதுவா வந்துச்சா. நாங்கள் ஒருவருக்கொருவர் கைகுலுக்கிக்கொள்வோம். அவர் மட்டும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நிற்பார். அந்த மாதிரி நாட்களில் டீயைக்கூட மேசையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவோம், கையில் கொடுக்கமாட்டோம். விதிதான். இன்று என் டீயை அப்படி வைக்கும்போதுதான் அது எப்படி இருக்கும் என்று தெரிகிறது.

அவருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. சாயங்காலம் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு, புதிதாக சோடாத் தண்ணீர் கலந்து விரலை முக்குவார். நிறம் வராவிட்டால்தான் வீட்டுக்குக் கிளம்புவார். வந்தால் மறுபடி குழாயடி. கவியா குழந்தையாக இருந்தபோது வாசலில் இறங்கியதும் தாவிக் கழுத்தைக் கட்டிக்கொள்வாளாம், அதற்காக ஆரம்பித்த பழக்கம். அவள் புருஷன் வீட்டுக்குப் போன பிறகும் விடவில்லை.

அவர் மனைவி ராஜம்மாள் அக்கா கீழ்பென்னாத்தூர்க்காரர். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற வேகத்தில் பேசுவார். "ஊரெல்லாம் பத்திரிகை வெச்சிட்டு, கல்யாணத்தன்னிக்கு வீட்லயே குந்திக்கினு இருக்கிற மனுசன்மா இது" என்று ஒருநாள் அவர்கள் வீட்டில் சாப்பிடும்போது என்னிடம் சொன்னார். ஏட்டையா தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

அவர் ஓய்வு பெற ஒரு மாதம் இருந்தது. அப்போதுதான் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து போன் வந்தது.

லஞ்சத்துக்கு மாநில எல்லை கிடையாது, எங்களுக்குத்தான் உண்டு. முன்பெல்லாம் அந்தப் பக்கத்து ஆள் இந்தப் பக்கம் வந்து பணம் வாங்கினால், கடிதம் போய், பதில் வருவதற்குள் அவன் வீடே கட்டி முடித்திருப்பான். பிறகு பக்கத்து மாநில அலுவலகங்களோடு கூடிப் பேசி, ஒருவருக்கு ஒருவர் உடனே கைகொடுப்பது என்று ஆனது. எங்களுக்கு வந்த முதல் வேலை இது.

முனிரத்னம் என்று ஒரு விவசாயி. எல்லையோரத்து ஊர், தெலுங்கும் தமிழும் கலந்த பேச்சு. அப்பா விட்டுப்போன நிலத்தை அளந்து கொடுக்க மேலதிகாரி உத்தரவு போட்டாயிற்று. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. சர்வேயர் நிலத்தில் கால் வைக்க மாட்டேன் என்கிறான். கடைசியில், "பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை வரேன். அங்க கொண்டுவந்து குடு. அங்க என்னத் தெரிஞ்சவங்க யாரும் கெடையாது" என்றிருக்கிறான். கிரிவலம் வருகிற கூட்டத்தில் யார் யாரைப் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம். அண்ணாமலையாரை அவன் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

பௌர்ணமியன்று மத்தியானம் முனிரத்னத்தை அழைத்துக்கொண்டு அந்தப் பக்கத்து இன்ஸ்பெக்டர் பிரசாத் வந்தார். கூட இரண்டு இளவட்டப் போலீஸ்காரர்கள். திட்டம் எளிது. பிரசாத், முனிரத்னத்தின் அக்கா புருஷனாக வேஷ்டி கட்டிக்கொண்டு கூடவே நடப்பார். சர்வேயர் வாய்திறந்து கேட்பதைக் கேட்பார். முனிரத்னம் தோள் துண்டை எடுத்துத் தலையில் கட்டினால் நாங்கள் நெருங்க வேண்டும்.

எங்கள் அலுவலகத்தில் அண்ணாமலையார் படம் ஒன்று மூலை அலமாரியில் இருக்கும். கிளம்பும்போது எல்லோரும் விபூதி இட்டுக்கொண்டுதான் போவோம். தட்டை எடுத்து நீட்டுவது நான். பொடி வேலை செய்பவர் தொடக்கூடாது அல்லவா, அதனால். அன்றைக்கு ஏட்டையா டப்பாவிலிருந்து ஒரு கரண்டி பொடியை வெள்ளைக் காகிதத்தில் கொட்டினார். மேலே ஃபேன். பறந்துவிடப் போகிறதே என்று காகிதத்தைக் காற்றுப்படாத அந்த அலமாரியில், படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, ஃபேனை நிறுத்தத் திரும்பினார்.

பிரசாத் பக்தர். வந்ததிலிருந்து தரிசனம் கிடைக்கவில்லையே என்று புலம்பிக்கொண்டிருந்தவர். படத்தைப் பார்த்தார். கீழே காகிதத்தில் வெள்ளையாக இருப்பதைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடி, மூன்று விரலால் அள்ளி, நெற்றி நிறையப் பட்டை போட்டுக்கொண்டார். மிச்சத்தைத் தொண்டைக்குழியிலும் தடவிக்கொண்டார்.

"சார்!" என்று ஏட்டையா போட்ட சத்தத்தில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

எங்கள் டி.எஸ்.பி. மணிவேல் சோடாத் தண்ணீர் டம்ளரை நீட்டினார். பிரசாத் விரலை முக்கினார். அழகான ரோஜா நிறம். சாட்சிகளுக்குச் செய்து காட்டும் வேலை அத்தோடு முடிந்தது. நான் சிரித்துவிட்டேன். அப்புறம் முனிரத்னத்தின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"கழுவிட்டா போயிடும்ல?" என்றார் பிரசாத்.

"கை போகும். நெத்தி, சட்டை, துண்டு எல்லாத்துலயும் இருக்கே. பொடி தொட்டவங்க போகக்கூடாது சார். நீங்களே வக்கீலுக்கு வழி விட்டுக் குடுக்காதீங்க" என்றார் மணிவேல்.

இரவோடு கிரிவலத்தை முடித்துக்கொண்டு சர்வேயர் போய்விடுவான். முனிரத்னம் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "அப்ப என் நெலம்?" என்று கேட்டார். இளவட்டங்களை அக்கா புருஷன் என்றால் சர்வேயரே சிரிப்பான். எங்களில் யாருக்கும் தெலுங்கு தெரியாது.

ஒருவரைத் தவிர. எங்கள் யூனிட்டுக்கு வருவதற்கு முன் எல்லையோரச் செக்போஸ்டில் பல வருஷம் நின்றவர். முனிரத்னத்தின் வயதுக்கு ஒத்தவர். எல்லாவற்றுக்கும் மேலாக, அன்றைக்குக் கரண்டியால் கொட்டியதோடு சரி, இன்னும் பொடியில் விரல் வைக்காதவர்.

மணிவேல் திரும்பிப் பார்த்தார். "ஏட்டையா, கைய காட்டுங்க."

ஏட்டையா இரண்டு கையையும் நீட்டினார். புதிதாகக் கலந்த டம்ளரில் முக்கினார்கள். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

"பிரசாத் சார் பொடி தடவட்டும். நீங்க கெளம்புங்க."

அவர் அந்தப் பக்கமாகத் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி விபூதித் தட்டை நீட்டினேன். முதல்முறையாக அதிலிருந்து எடுத்து இட்டுக்கொண்டார்.

ரமணாசிரமம் தாண்டிச் செங்கம் ரோட்டில் ஒரு டீக்கடை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நிலா இன்னும் வரவில்லை, ஜனம் வந்துவிட்டது. நானும் இன்னொரு பெண் போலீசும் பூ வாங்குகிற சாக்கில் நின்றோம். ஏட்டையா வேஷ்டியோடு, செருப்பில்லாமல் வந்தார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கட்டிக்கொண்டார், அவிழ்த்தார், மறுபடி கட்டிக்கொண்டார்.

"பாவா, வாங்க இப்டி" என்று முனிரத்னம் கூப்பிட்டார். தெலுங்கில் அக்கா புருஷனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மத்தியானத்திலிருந்து சொல்லிப் பார்த்துப் பழகிய வார்த்தை.

சர்வேயர் வந்தான். மஞ்சள் வேஷ்டி, நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் ருத்திராட்சம். ஏட்டையாவை ஏற இறங்கப் பார்த்தான். ஏட்டையா தெலுங்கில் ஊர் மழையைப் பற்றி ஏதோ அலுத்துக்கொண்டார். அவன் சமாதானமாகி முனிரத்னத்தின் பக்கம் திரும்பி, "தெச்சாவா?" என்றான். கொண்டுவந்தாயா என்று அர்த்தம். முனிரத்னம் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவன் அதை வாங்கி, மலையைப் பார்த்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, இடுப்பில் செருகினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மலையைப் பார்க்கிற கண்ணாடா அது!

துண்டு தலைக்கு ஏறியது. நாங்கள் சூழ்ந்தோம். டீக்கடை பெஞ்சிலேயே டம்ளரை வைத்து அவன் விரலை முக்கினார்கள். ஏட்டையா குனிந்து பார்த்தார். நிறம் விரல் நுனியிலிருந்து கிளம்பித் தண்ணீர் முழுக்கப் பரவியது. இத்தனை வருஷமாக எங்களைக் குடைந்து கேட்டாரே, அது கண்ணெதிரே நடந்தது. குதிப்பார் என்று நினைத்தேன். அதற்குள் சர்வேயரின் மனைவி கற்பூரப் பொட்டலத்தோடு ஓடிவந்து, "ஏமயிந்தண்டி?", என்ன ஆச்சு என்று எல்லோரையும் மாறி மாறிக் கேட்டாள். ஏட்டையா டம்ளரை விட்டுவிட்டு, கடைக்காரரிடம் ஒரு ஸ்டூல் வாங்கி அவளுக்குப் போட்டார்.

அப்போதுதான் முனிரத்னம் வந்து, ஏட்டையாவின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"பாவா" என்றார். வேஷம் முடிந்துவிட்டது, இனி அப்படிக் கூப்பிடத் தேவையில்லை. ஆனாலும் கூப்பிட்டார். கைகளைத் தூக்கித் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஏட்டையா பழக்கதோஷத்தில் கையை இழுக்கப் பார்த்தார். முனிரத்னம் விடவில்லை.

அலுவலகத்துக்குத் திரும்பியபோது கேட்டில் பிரசாத் நின்றுகொண்டிருந்தார். முகம் கழுவி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. "கலர் ஒச்சிந்தா?" என்றார், முதல் கேள்வியாக. நான் வாயைத் திறந்தேன். ஏட்டையா என்னைத் தடுத்துவிட்டு, அவரே உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னார். மஞ்சள் வேஷ்டியிலிருந்து நிறம் பரவின வேகம் வரைக்கும் சொன்னார். ஸ்டூலைப் பற்றிச் சொல்லவில்லை.

எல்லாம் முடிந்து கிளம்பும் நேரம். ஏட்டையா புதிதாக சோடாத் தண்ணீர் கலந்துகொண்டிருந்தார்.

"இன்னைக்கு எதுக்கு ஏட்டையா? நீங்கதான் தொடவே இல்லையே."

"பழக்கம்மா. இது பண்ணாம வீட்டுக்குப் போனா என்னமோ மாதிரி இருக்கும்."

விரலை முக்கினார். நிறம் வந்தது. பிரசாத் விரலில் வந்ததைவிட லேசாக, ஆனால் ரோஜா நிறம்தான்.

நான் பதறிவிட்டேன். எங்கே தொட்டார், எப்போது தொட்டார், வழக்கு என்ன ஆகும்? அவரும் ஒரு நொடி திகைத்தார். பிறகு முகம் மெல்ல மாறியது. நோட்டை எடுத்துக் கொடுத்த கை முனிரத்னத்தின் கை. அந்தக் கைதான் இவர் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தது. சர்வேயரின் விரலை முக்கி, பாட்டிலில் ஊற்றி, சீல் வைத்த பிறகு நடந்தது. வழக்குக்கு ஒரு பங்கமும் இல்லை.

"கழுவிடுங்க ஏட்டையா" என்றேன்.

அவர் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக வந்தது, துடைக்கக்கூட இல்லை.

"இத்தினி வருசமும் நானே தடவி, நானே செவந்துக்கினு இருந்தேன் தமிழ்செல்வி. இன்னிக்கித்தான் ஒருத்தர் குடுத்துச் செவந்திருக்குது. ராஜம்மாகிட்ட காட்டிட்டுக் கழுவிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, கழுவாத கையோடு வீட்டுக்குப் போனார்.