புஷ்பம் அந்நியர் கையால் சாப்பிடமாட்டார்

மெட்டுகுடாவிலிருந்து மரியபுஷ்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் போய்வந்தவர்கள் யாரைக் கேட்டாலும் ஒன்றைச் சொல்வார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் ஒரு செருப்பைக்கூடத் தொலைத்ததில்லை. திருவிழா சமயத்தில் நூறு பேர் பாய் விரித்துப் படுக்கும் பொதுக்கூடத்தில் அது லேசான காரியமா என்ன? புஷ்பம் எல்லாப் பைகளையும் ஒரே சங்கிலியில் கோத்துப் பூட்டி, சாவியைத் தாலிச் சங்கிலியில் மாட்டிக்கொள்வார். பக்கத்துப் பாய்க்காரர் எவ்வளவு பெரிய பக்திமானாக இருந்தாலும் அவர் நீட்டும் பிஸ்கெட்டைத் தொடக்கூடாது, மயக்க மருந்து இருக்கும்.

"முதல்ல தானே தின்னு காட்டுவான். நம்பிடாதீங்க. அவன் தின்னது வேற, நமக்குக் குடுக்கிறது வேற" என்று ரயில் ஏறும் முன்பே பிளாட்பாரத்தில் பாடம் நடத்துவார்.

கணவர் தனசிங் ரயில்வே கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் எடுப்பதும் சாப்பாடு வாங்கி வருவதும் அவர் வேலை. போலீசில் சேர்ந்திருக்கவேண்டியவள் என்று மனைவியைக் கிண்டல் செய்வார். இப்போது அதை நினைத்தாலே தன்மீது எரிச்சல் வருகிறது.

மறதி நோய் என்று டாக்டர் சொல்லி மூன்று வருஷமாகிறது. பெயர்கள் போயின, சமையல் போயிற்று, ஜெபமாலை பாதி போயிற்று. காவல் மட்டும் போகவில்லை. போன மாதத்திலிருந்து புஷ்பத்துக்கு வீடே அந்தப் பொதுக்கூடம்தான். கைப்பையைக் கட்டில் காலோடு கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறார். தனசிங் பக்கத்துப் பாய்க்காரர். உப்பலிலிருந்து தினமும் வந்து ஊட்டிய மகள் எமியும் நேற்று முன்தினம் அவர் கண்ணுக்குத் திருடியாகிவிட்டாள். இரண்டு நாளாகக் குழாய்த் தண்ணீர் தவிர எதுவும் உள்ளே இறங்கவில்லை.

"நாளைக்கு ஆஸ்பத்திரியில சேர்த்துடலாம் டாடி" என்றாள் எமி போனில். "மூக்குல டியூப் போட்டாத்தான் சாப்பாடு போகும்."

டியூபைப் பிடுங்காமலிருக்கக் கைகளைக் கட்டிலோடு கட்டுவார்கள் என்பது தனசிங்குக்குத் தெரியும். அதை அவரால் பார்க்க முடியாது. இன்று எப்படியாவது இரண்டு வாய் சாப்பிட வைத்துவிடவேண்டும்.

"இட்லி, புஷ்பம். நாந்தான், தனசிங்."

"நக்கோ, வேணாம்."

"இதோ பாரு, நானும் சாப்பிடறேன்." ஒரு விள்ளல் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

புஷ்பம் சிரித்தார். இப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன் என்கிற சிரிப்பு. பையை இன்னும் இறுக்கிக்கொண்டார். தனசிங்குக்குக் கோபம் தலைக்கேறியது. நாற்பத்தொரு வருஷம் கூடவே வாழ்ந்தவன் திருடனா? யாரிடம் போய்ச் சண்டை போடுவது? கொஞ்ச நேரம் கழித்து அந்நியரைப் போலவே கேட்டுப்பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரர் கூட வரலியாம்மா?"

"ஹவ், ஆமா, வந்திருக்கார். டிக்கெட் எடுக்கப் போயிருக்கார். வரும்போது சாப்பாடு வாங்கிட்டு வருவார்."

தனசிங் அவசரமாக முகச்சவரம் செய்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போய் இட்லிப் பொட்டலம் கட்டி வாங்கினார். திரும்பி வந்து பெல்லை அடித்துவிட்டு, தானே கதவைத் திறந்துகொண்டு நுழைந்தார்.

"புஷ்பம், டிக்கெட் கெடச்சிடுச்சு. வரிசை பெரிசு, அதான் லேட்டு. சாப்பிடு."

புஷ்பம் நிமிர்ந்தார். கை பொட்டலத்தை நோக்கிப் பாதி தூரம் வந்தது. பிறகு தனசிங்கின் முகத்தைப் பார்த்தார், தலையைப் பார்த்தார். கை திரும்பிப் போய்விட்டது.

"என் வீட்டுக்காரருக்கு முடியெல்லாம் கறுப்பு, ஐயா." குரலில் சந்தேகமில்லை, இரக்கம்தான் இருந்தது. "நீங்க தனியா வந்தீங்களா? பாவம். அவர் வரட்டும், உங்களுக்கும் ஒரு பொட்டலம் வாங்கித் தரச் சொல்றேன்."

தனசிங் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு, காலையில் வண்டி கொண்டுவரச் சொல்லி எமிக்குப் போன் செய்தார்.