எதிர்ச்சுற்று

டயர்க்கடைக்காரருக்குச் சக்கரம் என்று பட்டப்பெயர் விழுந்தது தொழிலால் அல்ல. விடிவதற்கு முன்னால் குளத்தைச் சுற்றி ஓடுவார். கடையைப் பூட்டிவிட்டு வந்து மறுபடியும் சுற்றுவார். பார்த்துச் சலித்த எவனோ வைத்த பேர், தார் மாதிரி ஒட்டிக்கொண்டது. பெண்டாட்டி மட்டும் அந்தப் பேரை வாயில் எடுக்கமாட்டாள், கோபம் வந்தால் ஒழிய.

எதைக் கண்டாலும் அவருக்கு ஒரே கேள்விதான்: இது எதுவரைக்கும் தாங்கும்? பள்ளிக்கூடத்தில் மர ஸ்கேலை ஒடியும்வரை வளைத்துப் பார்த்து அடி வாங்கியவர். கடையில் தேய்ந்த டயரைச் சும்மா தூக்கிப் போடமாட்டார். விரலால் தடவி, எங்கே தேய்ந்தது, எதனால் தேய்ந்தது என்று பார்த்துவிட்டுத்தான் மூலையில் போடுவார். நாற்பது வயதுக்கு மேல் தொப்பை குறையட்டும் என்று ஓட ஆரம்பித்தார். தொப்பை போய்விட்டது, ஓட்டம் போகவில்லை. இந்த உடம்பு எதுவரைக்கும் தாங்கும் என்று தெரிந்தாக வேண்டுமே.

அதற்காகத்தான் போன வருடம் அந்த இருபத்துநாலு மணி நேர ஓட்டத்தில் பேர் கொடுத்தார். மைதானத்து வட்டத்தில் தனியாளாக ஓட வேண்டும், மாற்றாள் கிடையாது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஊதுவார்கள், மறுநாள் ஆறு மணிக்கு மறுபடி ஊதுவார்கள். நடுவில் ஓடலாம், நடக்கலாம், தின்னலாம், தூங்கக்கூடச் செய்யலாம். யார் அதிக தூரம் போனார் என்பதே கணக்கு. தடத்துக்கு வெளியே மேசை போட்டு வீட்டு ஆள் ஒருவர் தண்ணீரும் வாழைப்பழமும் நீட்டலாம். கூட ஓடக் கூடாது.

மேசையில் பெண்டாட்டி இருந்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. மறுநாள் மத்தியானம் உச்சி தாண்டியதும் வலது முட்டி பிடித்துக்கொண்டது. மேசைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. சும்மா ஒரு நிமிஷம் என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மிச்ச நேரம் முழுக்க மற்றவர்கள் சுற்றுவதை வேடிக்கை பார்த்தார்.

பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். முட்டியில் ஒன்றும் இல்லை என்று வந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

"முட்டி நல்லா இருக்காமே மாமா," என்றான் கடையில் கூட வேலை செய்யும் மச்சினன், ஜாக்கியை மிதித்துக்கொண்டே. "அப்ப உக்காந்தது யாரு?"

"வேலையப் பாருடா."

"இல்ல, கஸ்டமர் கேக்கறாங்க. நான் என்ன சொல்லட்டும்? மனசு பஞ்சர்னு சொல்லவா?"

மச்சினன் விளையாட்டுக்குத்தான் சொன்னான். ஆனால் சக்கரத்துக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. உட்கார்ந்தது முட்டியா, தானா? இந்த வருடமும் பேர் கொடுத்தாகிவிட்டது. இந்த முறையும் அதே நாற்காலியில் உட்கார்ந்தால் பதில் தெரிந்துவிடும், பிடிக்காத பதிலாக. பெண்டாட்டியும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "இன்னொரு தடவ நொண்டிக்கிட்டு வந்தீங்கன்னா மேசைக்கு வேற ஆளப் பாத்துக்கோங்க. என்னால அந்த முகத்தப் பாத்துக்கிட்டு உக்கார முடியாது."

அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவள். நாள் முழுக்க வருகிறவர்களிடம் அவள் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கையில எடுக்கட்டும்?" என்பதுதான். முகம் மறந்தாலும் கை மறக்காது அவளுக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கைப்பிடிச் சுவரில் அவருடைய ஓட்டக்காலணிகள் கவிழ்ந்து கிடந்தன, அடிப்பக்கம் வெயிலைப் பார்த்தபடி.

"என்னங்க, இங்க வாங்க. இது ஏன் இப்படி இருக்கு?"

வந்து பார்த்தார். இடது காலணியில் வெளி ஓரம் மழுங்கிப் போயிருந்தது. வலது காலணியில் உள் ஓரம். மற்ற இடமெல்லாம் கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரி.

சக்கரம் காலணியை எடுத்து விரலால் தடவினார். வண்டியாக இருந்தால் பார்த்த மாத்திரத்தில் சொல்லியிருப்பார்: அலைன்மெண்ட் போயிருக்கு, ஒரு பக்கமாவே இழுக்குது.

"ஊரான் டயரெல்லாம் தடவித் தடவிப் பாக்கறீங்க," என்றாள். "சொந்த டயரப் பாக்க ஒரு ஞாயித்துக்கிழமை வேண்டியிருக்கு."

"இரு, இரு. போன வருஷம் வலி எப்ப ஆரம்பிச்சுது?"

"ராத்திரி ஒரு தடவ நொண்டுனீங்க. குளிருன்னு சொன்னீங்க. விடிஞ்சதும் நல்லா ஓடுனீங்க. மத்தியானம் மறுபடி நொண்டுனீங்க. வெயிலுன்னு சொன்னீங்க."

"குளிர்லயும் வலிக்குது, வெயில்லயும் வலிக்குதுன்னா?"

அவள் கையிலிருந்த ஈரச்சட்டையை உதறாமல் அப்படியே நின்றாள். "மொதல்ல எங்கிட்ட வலது கையால தண்ணி வாங்குனீங்க. ராத்திரி இடது கை. காலைல வலது கை. மத்தியானம் திரும்பவும் இடது கை. இடது கையால வாங்கறப்பெல்லாம்தான் நொண்டுனீங்க."

சக்கரம் மொட்டைமாடியிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த ஓட்டத்தில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லோரையும் திசை மாற்றி ஓடவிடுவார்கள், ஒரே பக்கமாகத் திரும்பித் திரும்பிக் கால் கெட்டுப்போகக் கூடாது என்று. இவரோ வருடக்கணக்கில் குளத்தை இடப்பக்கம் வைத்தே சுற்றியவர். போதாக்குறைக்கு, மழைத்தண்ணீர் வடியட்டும் என்று அந்தப் பாதையைக் குளத்தை நோக்கிச் சரிவாகப் போட்டிருந்தார்கள். இடது கையால் தண்ணீர் வாங்கிய நேரமெல்லாம் அவர் கால் பழகாத எதிர்த்திசையில் ஓடிய நேரம்.

விஷயம் கேட்ட மச்சினனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "டயர்னா இந்தப் பக்கத்தது அந்தப் பக்கம் மாத்திப் போட்டுரலாம். கால எப்படி மாமா மாத்துவீங்க?"

"காலு இருக்கட்டும். சுத்தற பக்கத்த மாத்தறேன்."

சொல்வது எளிது. குளத்து வாசலில் தரையில் பெரிதாக ஓர் அம்பு வரைந்திருந்தார்கள். நடப்பவர் எல்லோரும் அந்தப் பக்கமாகத்தான் போக வேண்டும். மறுநாள் காலையில் சக்கரம் அம்புக்கு எதிராக ஓட, காவலாளி விசில் ஊதிக்கொண்டே வந்தார்.

"அம்பு எந்தப் பக்கம் காட்டுது?"

"அந்தப் பக்கம்."

"நீங்க எந்தப் பக்கம் போறீங்க?"

"இந்தப் பக்கம்."

"அப்புறம்?"

"முட்டிங்க."

காவலாளி முட்டியைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். அவருக்கும் முட்டி இருந்தது. "ஓரமாப் போங்க. யாராவது ஒருத்தர் வந்து புகார் சொன்னாலும் நாளைக்கு உள்ள விடமாட்டேன்."

பழக்கப்பட்ட குளம் அன்றைக்குப் புது ஊராக இருந்தது. பழகிய பள்ளம் எதிர்ப்பக்கத்திலிருந்து மேடாக வந்தது. வளைவு முடியும் என்று நினைத்த இடத்தில் முடியவில்லை. துருப்பிடித்த முதுகை மட்டும் காட்டிக்கொண்டு ஒரு பலகை நிற்கும், அதில் என்ன எழுதியிருக்கும் என்று அவர் பலநாள் யோசித்ததுண்டு. அன்றைக்குத்தான் படித்தார். 'நீங்கள் தவறான திசையில் வருகிறீர்கள். திரும்பிச் செல்லவும்.' தப்பாக வருகிறவனுக்கு மட்டும் தெரிகிற பலகை. நியாயம்தான் என்று தாண்டிப் போனார்.

பலகையை விட ஆட்கள்தான் அதிசயம். இத்தனை வருடமாக அவர்களை முதுகால்தான் தெரியும். தோளில் மஞ்சள் துண்டு போட்டு, ஒரு பக்கம் சாய்ந்து நடப்பவரைச் சிடுமூஞ்சிக் கிழவர் என்று முடிவு கட்டியிருந்தார். எதிரே வந்தவனோ தாடி வைத்த இளைஞன், இவரைப் பார்த்துச் சிரிக்கவும் சிரித்தான். எப்போதும் கைகோத்துக்கொண்டு போகும் இரண்டு பெண்களை அக்கா தங்கை என்று நினைத்திருந்தார். எதிரே பார்த்தால் முகத்தில் ஒரு ஒற்றுமையும் இல்லை.

அந்த இருவரும் வழியை மறித்து நின்றார்கள். போச்சு, புகார்தான் என்று சக்கரமும் நின்றார்.

"நீங்கதானா அது?" என்றாள் உயரமானவள்.

"எது?"

"தெனமும் பின்னாலேர்ந்து வந்து புஸ்ஸுனு தாண்டிப் போவீங்களே. ஒங்க முதுகு எங்களுக்கு நல்லாத் தெரியும். மூஞ்சி இன்னிக்குத்தான் பாக்கறோம்." பக்கத்தில் இருந்தவளைக் காட்டி, "இவ என் நாத்தனார். நாங்க ஒங்களப் பத்திப் பேசாத நாளே இல்ல," என்றாள்.

"என்னப் பத்தியா? என்ன பேசுவீங்க?"

நாத்தனார் சொன்னாள்: "ஒங்க வலது குதிகால் உள்பக்கமாச் சாயும்ணே, ஆட்டங்கண்ட மேசக் கால் மாதிரி. நான் அண்ணிகிட்டச் சொல்லுவேன், பாவம், அவருக்கு அத எடுத்துச் சொல்ல வீட்ல ஆளில்ல போலன்னு."

சக்கரத்துக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஸ்கேனுக்குப் போய், மனசு பஞ்சர் என்று பேர் வாங்கி, மொட்டைமாடியில் உட்கார்ந்து கண்டுபிடித்த சங்கதி, இவர்களுக்குத் தினமும் காலை அரட்டை.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேம்மா."

"நீங்க நின்னாத்தானே சொல்றதுக்கு," என்றாள் அண்ணிக்காரி.

அன்றையிலிருந்து அவர்கள்தான் அவருக்குக் கண்ணாடி. எதிர்ச்சுற்றில் கடந்து போனதும் திரும்பி நின்று பார்த்து, அடுத்த சுற்றில் தீர்ப்புச் சொல்வார்கள். "இன்னும் சாயுது." "தோள எறக்குங்க." "இன்னிக்குப் பரவால்ல." முதல் சில வாரம் வலது முட்டி இரண்டு சுற்றுக்கே முனகியது. இடதுகையால் எழுதப் பழகுகிற பிள்ளை மாதிரி மெல்ல மெல்லத்தான் வழிக்கு வந்தது. ஒருவரும் புகார் சொல்லவில்லை. காவலாளி விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஓட்டம் வந்தது. சாயங்காலம் தொடங்கி நடுராத்திரிவரை வலது கையால் தண்ணீர் வாங்கினார். திசை மாறியது, இடது கை. முட்டி எங்கே பேசப்போகிறதோ என்று விடிகிறவரை காதைத் தீட்டிக்கொண்டே ஓடினார், அது வாயைத் திறக்கவில்லை. காலையில் மறுபடி வலது கை. அவித்த உருளைக்கிழங்கும் உப்புத் தண்ணீரும் வயிற்றில் நின்றன. உச்சிவேளையில் கடைசித் திசைமாற்றம். ஒவ்வொருவராகத் திரும்பிய அந்தச் சில நிமிஷம் ஓடுகிறவர்கள் எல்லோரும் எதிரெதிரே வந்தார்கள். ராத்திரி முழுக்க முதுகாக இருந்தவர்களுக்கெல்லாம் இப்போது முகம் இருந்தது, உப்புப் பூத்த முகம். அவரைக் கண்டு ஒருவர் புருவத்தைத் தூக்கினார். இவரும் தூக்கினார்.

போன வருடம் உட்கார்ந்த நேரம் வந்தது. போனது. முட்டி வலிக்கவில்லை. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அவர் பார்க்காத நேரம். என்னதான் இருக்கிறது என்று ஆசையாகப் பார்த்தார். பெரிதாக ஒன்றும் இல்லை. புல்லுக்குத் தண்ணீர் பீய்ச்சினார்கள். யாருடைய கைப்பேசியிலோ அலாரம் அடித்து ஓய்ந்தது. பிறகு, யாரும் கூப்பிடாமலே, அந்த ஆசை வந்தது. உட்கார வேண்டும். வலி இல்லை, பசி இல்லை, சும்மா உட்கார வேண்டும்.

மேசைக்கு வந்ததும் பெண்டாட்டியிடம் உண்மையைச் சொன்னார். "முட்டி வலிக்கல. ஆனாலும் உக்காரணும்போல இருக்கு. அப்ப போன வருஷமும் நாந்தானோ?"

"ரெண்டு பேருமா இருக்கும்," என்றாள் அவள். "முட்டிய சரி பண்ணியாச்சு. மிச்சம் நீங்கதான்."

"அந்த நாற்காலி எங்க?"

"எடுத்துட்டு வந்தது ஒண்ணு. அதுல நான் உக்காந்திருக்கேன்."

அசையவில்லை அவள். டம்ளரை மட்டும் நீட்டினாள், அவருடைய இடது கைக்கு வாகாக. அவர் வாங்கிக் குடித்தார், நாற்காலியை ஒருமுறை பார்த்தார், நடக்கத் தொடங்கினார். வளைவு தாண்டிய பிறகு நடை ஓட்டமாயிற்று. அந்த ஆசையும் கூடவே சுற்றியது, சாயங்காலம்வரை. போய்விடும் என்று பார்த்தார், போகவில்லை. அதையும் சுமந்துகொண்டு ஓட முடிந்தது என்பதுதான் அவருக்கே ஆச்சரியம்.

ஆறு மணிக்கு ஊதியபோது மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்தார். நின்ற இடத்திலேயே உட்கார்ந்து காலணியைக் கழற்றிக் கவிழ்த்தார். மச்சினன் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"மாமா, எல்லாரும் தேடறாங்க. என்ன பண்ணிக்கிட்டிருக்கீங்க?"

சக்கரம் அடிப்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார். "இப்ப அந்தப் பக்கம் கொஞ்சம் ஜாஸ்தியாத் தேஞ்சிருக்குடா. ஏன்னு பாக்கணும்."