அஞ்சலையம்மாள் தூக்கிய கை

வியாழக்கிழமை காலை, மந்தைவெளிப் பள்ளியின் தலைமையாசிரியர் என் வீட்டு வாசலில் நின்றபடியே செய்தியைச் சொன்னார். எங்கள் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு சமைத்துவந்த அஞ்சலையம்மாள் விடியற்காலையில் காலமானார். மூன்றே நாள் ஜுரம். பள்ளிக்கு வெளியே அவரை அறிந்தவர்கள் குறைவு, அதனால் எழுதுகிறேன்.

அந்த இலவச உணவை நடத்தும் மாதர் குழுவுக்கு நான் காரியதரிசி. கான்வென்டில் படித்தவள், ஒழுங்கு தவறினால் பொறுக்காதவள். முதல் நாளே சமையற்கொட்டகைக்குப் போய், குழம்பில் பருப்பு போதாது என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இன்னாம்மா நீ, எட்ட நின்னுக்கினே சொல்றே? ஒரு வாய் துன்னுட்டுச் சொல்லு."

என் கணவர் போன பிறகு என்னை 'நீ' என்று அழைத்தவர் அவர் ஒருவரே. கையில் வாங்கி உண்டேன். பருப்பு சரியாகத்தான் இருந்தது.

பள்ளியில் சாப்பிட்டால் ஏழை என்று பெயர் வந்துவிடும் என்று பலர் கூசினார்கள். வீட்டில் அடுப்பு எரியாத பிள்ளைகளும் "சாப்பிட்டாச்சு" என்று சொல்லிவிட்டு மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். அஞ்சலையம்மாள் அவர்களிடம் தட்டை நீட்டி, "டேய், உப்பு சரியாக் கீதா பாரு" என்பார். உப்புப் பார்க்க வந்தவர்கள் வயிறு நிறையப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

யுத்த காலத்தில் பங்கீடு வந்து அரிசி அரிதானபோது, இந்த உணவு தேவைதானா என்று பேச்சு எழுந்தது. நகரசபை அங்கத்தினர் ஒருவர் நேரில் பார்த்து முடிவு சொல்ல வந்தார். உண்மையான ஏழைகளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவர் கேட்டபோது, "பிள்ளைகளையே கேளுங்கள், பொய் சொல்லமாட்டார்கள்" என்று யோசனை சொன்னவள் நான்தான்.

"வீட்டில் சாப்பாடு இல்லாதவர்கள் கை தூக்குங்கள்" என்றார் அவர்.

ஒரு கையும் எழவில்லை.

"பார்த்தீர்களா அம்மா? இந்த அரிசி வேறு இடத்துக்குப் போகலாம்."

அப்போது கொட்டகை வாசலில் நின்ற அஞ்சலையம்மாள் கையைத் தூக்கினார்.

"என் வூட்ல இல்ல சாமி. ராத்திரி கஞ்சித்தண்ணி. காலைல அதுவும் இல்ல." பிறகு பிள்ளைகளைப் பார்த்தார். "கிழவி நானே தூக்கிக்கினு நிக்கறேன், உங்களுக்கு இன்னாடா வெக்கம்?"

முதலில் ஒரு சிறுமி தூக்கினாள். பின்பு வரிசை முழுவதும். அங்கத்தினர் புறப்பட்டார். அரிசி வருவது நிற்கவில்லை.

அவர் போனதும் அஞ்சலையம்மாள் என்னிடம் வந்தார். "பசியைப் போயி நாலு பேர் முன்னால கேப்பாங்களா? படிச்ச பொம்பள நீ!"

அதன்பின் எந்தப் பிள்ளையையும் நாங்கள் எதுவும் கேட்டதில்லை. வந்து உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் தட்டு வைத்தோம்.

வியாழனன்று, அவருக்கு மரியாதையாகப் பள்ளிக்கு விடுமுறை விடலாமா என்று தலைமையாசிரியர் கேட்டார். விடுமுறை விட்டால் பிள்ளைகள் எங்கே சாப்பிடுவார்கள் என்று கேட்டேன். குழுவின் பெண்மணிகள் இருவரை அழைத்துப் போய் நானே சமைத்தேன். சாதம் சற்றுக் குழைந்துவிட்டது.

நடுப்பகலில் அவருடைய ஊர்வலம் பள்ளி வாசலுக்கு வந்து நின்றது. பிள்ளைகள் எழப் பார்த்தார்கள். உட்கார்ந்து சாப்பிடச் சொன்னேன். வாசலில் எல்லாரும் மௌனமாக நின்ற அந்த நேரத்தில், கடைசி வரிசைச் சிறுமி ஒருத்தி தெரு வரை கேட்கும்படி கூவினாள்: "அம்மா, எனக்கு இன்னும் சோறு வேணும்!"

போய் வாருங்கள், அஞ்சலையம்மா. நான் பரிமாறப் போகவேண்டும்.